ஐந்து தலை வயரும் ஒரு மாட்டுக் கயிறும்

பாஸ்போர்ட் இல்லாமல் நான் போய்வந்த ஒரே வெளிநாடு பெங்களூர். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டினால் போர்டில் எழுத்து மாறிவிடும், சாம்பார் இனிக்க ஆரம்பித்துவிடும், கண்டக்டர் திட்டுகிற மொழியும் மாறிவிடும். வெளிநாட்டுக்கு இதற்குமேல் என்ன லட்சணம் வேண்டும்? தொண்ணூறுகளின் நடுவில் ஒரே வாரத்தில் மூன்று முறை அந்த எல்லையைத் தாண்டினேன். லால்பாக் பார்க்க அல்ல. ஒரு கம்ப்யூட்டர் வாங்க, அதுவும் என் கைக்கு எட்டுகிற விலையில் வாங்க.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிப்காட் பக்கம் ஒரு சின்ன டூல் ரூமில் நான் டிராஃப்ட்ஸ்மேன். பதினாறு வருஷமாகச் சாய்வுப் பலகையின் முன்னால் நின்றுகொண்டே மெஷின் பாகங்களின் படம் வரைந்தவன். பக்கத்துப் பலகை மணியண்ணனுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த வருஷம் முதலாளி ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, அதற்கு ஏசி அறை கட்டி, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் போர்டும் மாட்டினார். அதை ஓட்டப் பெங்களூரிலிருந்து ஓர் ஆபரேட்டர் வந்து சேர்ந்தார். ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் இரண்டு பேரையும் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"அடுத்த திங்கக்கெழம ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல இந்த ஃபிளாஞ்சப் போட்டுக் காட்டணும். போட்டவங்களுக்கு டிராயிங் ரூம். போடாதவங்களுக்கு ஸ்டோர்ஸ்ல வேல இருக்குது. யாரையும் வெளிய அனுப்பமாட்டன்."

ஃபிளாஞ்ச் என்பது குழாய்களை இணைக்கிற ஓட்டை போட்ட வட்டத் தகடு. பென்சிலில் என்றால் டீ ஆறுவதற்குள் போட்டுவிடுவேன். ஸ்டோர்ஸ் என்பது ஜன்னல் வழியாக போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற இடம். "எனக்கு அந்த ஜன்னலே போதும்ப்பா, காத்து வரும்" என்று மணியண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அன்று மதியம் சோறும் இறங்கவில்லை. பாகலூர் ரோட்டில் ஒரு சென்டரில் சாயங்கால வகுப்புக்குப் போயிருந்தேன். ஒரு மெஷினுக்கு மூன்று பேர். பாடம் புரிந்தது, கைக்குத்தான் பழகவில்லை. வீட்டில் ஒரு மெஷின் இருந்தால் ஒரு வாரத்தில் கையைப் பழக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை தனியாகப் போனேன். கிளம்பும்போது என் மனைவி கமலா ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் அவசரத்தில் வாங்கிய மிக்ஸி பரணில் கிடக்கிறது, அவசரத்தில் வாங்கிய சைக்கிள் எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. "பாத்துட்டு மட்டும் வாங்க. எங்கண்ணன் இல்லாம எதையும் தொடாதீங்க" என்றாள்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கிற எஸ்.பி. ரோட்டை ரோடு என்று சொன்னால் ஓசூர் ரோடுகள் கோபித்துக்கொள்ளும். இரண்டு கைவண்டி எதிரெதிரே வந்தால் மூன்றாவதாக ஒரு மனிதன் கடைக்குள் ஒதுங்கத்தான் வேண்டும். அப்படி ஒதுங்கி ஒதுங்கியே பதினோரு கடை பார்த்துவிட்டேன். எல்லாக் கடையிலும் என் முகத்தைப் பார்த்தே தமிழில் பேசினார்கள். புது மெஷின் விலையைக் கேட்டபிறகு பேச எனக்கு எந்த மொழியும் வரவில்லை. பழைய மெஷின்களில் படம் வரைகிற சாப்ட்வேர் இல்லை, அல்லது அதைத் தாங்குகிற சக்தி இல்லை. ஒரு கடையில் சத்தியத்தை மறந்து பணப்பையைக்கூடத் திறந்துவிட்டேன். கமலாவின் முகம் ஞாபகம் வந்து மூடினேன்.

பசித்தபோது ஒரு ஓட்டலில் நின்றபடியே இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் வெல்லம். எங்கள் பக்கத்து அவரைக்காய்க் குழம்பும் களியும் கண்முன்னே வந்துபோயின. காபி கவுண்டரில் யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, "பை டூ?" என்றார். ஒரு காபியை இரண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்கிற அந்த ஊர் வழக்கம் எனக்குப் பிடிக்கும். முன்பின் தெரியாதவரோடும் பாதிக் காபி குடிக்கலாம். அவர் எலக்ட்ரீஷியன். என் கதையைக் கேட்டுவிட்டுக் கன்னடத்தில் சொன்னார்: "கடையில் ஏன் தேடுகிறீர்கள்? பின் சந்தில் மாடியில் ஒருவர் படம் வரைந்து கொடுக்கும் ஆபீஸை மூடுகிறார். மெஷினை விற்கப்போகிறார். பெயர் நாகராஜ்."

உடனே ஓடிப் பார்த்தேன். பூட்டியிருந்தது. அரைமணி நேரம் படியிலேயே நின்றேன், ஏறினேன், இறங்கினேன். கீழே போல்ட் கடைக்காரர், "வெள்ளிக்கிழமை வருவார், சனிக்கிழமை ஊருக்கே போகிறார்" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்காரப் பிடிக்காமல் நின்றுகொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை மச்சானைத் தேடிக்கொண்டு போனேன். கமலாவின் அண்ணன் திம்மராயன், உத்தனப்பள்ளிக்காரர், மாட்டுத் தரகர். தெலுங்கில் மாட்டைத் திட்டி, கன்னடத்தில் விலை பேசி, தமிழில் கமிஷன் கேட்பவர். அன்று சந்தையில் ஒரு காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை காளையின் வாயை விடவில்லை.

"வெள்ளிக்கெழமையா? ஆவாது மாப்ளே. வெள்ளிக்கெழம எவனும் வூட்டு மாட்ட ஓட்டிவுடமாட்டான். லச்சுமி போயிரும்."

"அது மாடு இல்ல மச்சான். கம்ப்யூட்டர்."

"எதுவா இருந்தா இன்னா? அத வச்சித்தான அந்த மனுசன் சோறு துன்னாரு?"

திங்கட்கிழமை படம் போட்டுக் காட்டவேண்டும் என்று நான் கெஞ்சியதும்தான் இறங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவர் ஓசூரில் தூங்கிப் பெங்களூர் களாசிபாளையத்தில் விழித்தார். நான் பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி, மடிவாளா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாட்சைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வந்த சூட்டில் நாகராஜ் ஆபீஸுக்கு இழுத்தால் மச்சான் வரமாட்டேன் என்றுவிட்டார். "நாலு மாடு பாக்காம ஒரு மாடு பாக்கக்கூடாது." சரி என்று ஒரு கடைக்குள் நுழைந்தோம். மெஷினைச் சுற்றி வந்தார். முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். விலை பேசவேண்டும் என்றதும் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் கையை மூடிக் கடைக்காரரிடம் நீட்டினார். சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. கடைக்காரர் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நான் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகுதான் மாடி ஏறினோம். நாகராஜ் வேறு மாதிரி. நாற்பத்தைந்து வயது, கண்ணாடி, சட்டைப்பையில் இன்னும் பென்சில். அறையில் ஒரு பழைய சாய்வுப் பலகை, அதன் பக்கத்தில் மெஷின், கதவோரம் ஆணியில் ஒரு சாமி படம். மானிட்டர் என் வீட்டு டிவியைவிடப் பெரியது. ஏதோ கம்பெனி ஏலத்தில் எடுத்ததாம். பெட்டியிலிருந்து மானிட்டருக்குப் போகும் வயர் ஒரு முனையில் ஒன்றாகவும் மறுமுனையில் ஐந்து தலையாகவும் பிரிந்திருந்தது. அதற்கென்றே வந்த வயர் என்றார்.

மச்சான் முதல் கேள்வியாக மாட்டுக்காரர்களின் கேள்வியைத்தான் கேட்டார். "ஏன் விக்கறீங்க?"

நாகராஜ் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். இந்தத் தெருவிலேயே முதலில் கம்ப்யூட்டர் வாங்கியது அவர்தானாம். மூன்று வருஷம் வேலை கொட்டியது. பிறகு வேலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகச் சொந்த மெஷின் வாங்கிவிட்டார்கள். "இனி எனக்கு யார் தருவார்கள்? சித்ரதுர்கா பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. போகிறேன்." கம்ப்யூட்டர் வாங்கினால் தப்பித்தோம் என்று நான் ஓடி வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஓடியவர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்.

மச்சான் ஆர அமரப் பரிசோதித்தார். ஸ்க்ரூக்களின் தலையைத் தடவிப் பார்த்து, "ரெண்டு வாட்டிதான் தொறந்துகீறாங்க, பல்லு தேயல" என்றார். "ஏர் பூட்டிப் பாக்கணும்" என்று மெஷினை ஓடவிட்டு எங்களைச் சாப்பிடக் கூட்டிப்போய், ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சூடு பார்த்தார். அவர் சூடு பார்த்து முடிப்பதற்குள் நான் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டேன். சாப்ட்வேர் ஓடியது, வட்டமும் வட்டமாக வந்தது. மச்சான் துண்டை நீட்டினார். நாகராஜ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். துண்டு மேலும் கீழும் அசைந்தது. வாங்குகிற எனக்கே விலை தெரியாமல் நான் நின்றேன். கடைசியில் மச்சான் என் காதில் சொன்ன தொகை என்னிடம் இருந்தது.

நாகராஜும் நானும் கீழே போய் ஆட்டோ பிடித்தோம். மச்சான் வயர்களைக் கழற்றி எல்லாவற்றையும் கட்டிவைத்தார். அவர் பையில் ஒரு புதுக் கயிறு இருந்தது, மஞ்சள் தடவியது. அந்தக் கயிற்றால்தான் மானிட்டரைக் கட்டினார்.

திரும்பிய பயணத்தில் மானிட்டர் என் மடியில் வந்தது. அது முன்சீட்டுக்கும் என் விலாவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள, அத்திப்பள்ளிவரை மூச்சை அளந்து விட்டேன். கண்டக்டர் அதற்குத் தனி லக்கேஜ் டிக்கெட் போட்டார். செக்போஸ்டில் சோதனை போட ஏறிய ஒருவர், "டிவியா?" என்றார். நாகராஜ் எழுதித் தந்த சீட்டைக் காட்டினேன். "மஞ்சக் கயிறு கட்டினதால கன்னுக்குட்டின்னு நெனச்சன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். மச்சானுக்குப் பரம சந்தோஷம்.

வீட்டில் மேஜையைத் துடைத்து, மெஷினை ஏற்றி, பின்பக்கம் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வயர் இல்லை. கரண்டு வயரும் இல்லை, ஐந்து தலை வயரும் இல்லை.

"மச்சான், வயரு எங்க?"

"எந்த வயரு?"

"கழட்டுனீங்களே, அது!"

"கயிறா? அத எப்பிடி எடுத்தார முடியும்?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாட்ட வித்தவன் கயித்தக் குடுக்கமாட்டான் மாப்ளே. கயிறு போனா லச்சுமி போச்சு. அதுலயும் வெள்ளிக்கெழம. வாங்கறவன் புதுக் கயித்தோட வரணும், வந்தன். அவுரு கயித்தச் சுருட்டி, சாமி படத்துக்கிட்ட ஆணில மாட்டிட்டு வந்தன். அவுரும் நல்ல மனுசன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதமாட்டேன். கமலா இரண்டு பேருக்கும் நடுவில் மோர் சொம்போடு வந்து நின்றாள். அது வெறும் கயிறு இல்லை, அதில்தான் உயிர் ஓடுகிறது என்று கடைசியில் மச்சானுக்குப் புரிந்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. கரண்டு வயரை டிவி ரிப்பேர்க்காரரிடம் வாங்கிவிட்டேன். ஐந்து தலையைப் பார்த்ததாகக்கூட ஓசூரில் யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நின்றேன். மச்சான் எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். கையில் இன்னொரு புதுக் கயிறு.

"வெறுங்கையோட போயி அவுரு கயித்த வாங்காத. இதக் குடுத்துட்டு அத வாங்கு."

"உங்க கயித்தாலதான் இவ்ளோ கூத்தும்" என்று சொல்லிக்கொண்டே அதைப் பைக்குள் திணித்தேன்.

சந்தாபுராவில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி இஞ்சினைத் திறந்தார், பார்த்தார், மூடினார், பீடி பற்றவைத்தார். பீடி பற்றவைத்தால் அரைமணி என்று அர்த்தம். நான் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். நடந்து பெங்களூர் போய்ச் சேர முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நிற்க முடியவில்லை. முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு வேன் நிறுத்தியது. தளியிலிருந்து மடிவாளா மார்க்கெட்டுக்குப் போகிறது. டிரைவர் தெலுங்கில் தன் பெண் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் மனசில் ஏறவில்லை. நாகராஜ் போயிருந்தால்? அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்திருந்தால்? மடிவாளாவில் டவுன் பஸ்ஸைப் பிடித்து சிட்டி மார்க்கெட்டில் இறங்கி, சந்துவரை ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. அறை காலி. பழைய சாய்வுப் பலகை மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டிமேல் நாகராஜ் உட்கார்ந்திருந்தார். சாமி படத்தைக்கூட எடுத்துவிட்டார். ஆணியில் இரண்டு வயர்களும் அப்படியே தொங்கின, அழகாகச் சுருட்டி, ஒரு முடிச்சுப் போட்டு.

"நேற்று விளக்கு வைக்கும்போதுதான் பார்த்தேன்" என்றார். "உங்கள் முகவரி என்னிடம் இல்லை. வராமல் இருக்கமாட்டீர்கள் என்று காலை ரயிலை விட்டுவிட்டேன்."

இரண்டு நாள் பழகிய ஆள்கூட இல்லை அவர்.

"உங்கள் மச்சான் மாட்டுக்காரர்தானே? துண்டை நீட்டியபோதே தெரிந்தது. எங்கள் அப்பா மாட்டை விற்ற அன்று கயிற்றை இப்படித்தான் மாட்டிவைப்பார். அதனால்தான் சாமி படத்தை எடுத்தும் இதை எடுக்க மனசு வரவில்லை. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்."

ஓசூரிலிருந்து ஓடோடி வந்தவன், ஆணிவரை இருந்த நாலு அடியை நடக்க முடியாமல் நின்றேன். எனக்கு லட்சுமியிலும் நம்பிக்கை கிடையாது, வெள்ளிக்கிழமையிலும் கிடையாது. ஆனாலும் அந்தக் காலி அறையில், பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடமிருந்து கடைசியாக மிச்சம் இருப்பதையும் எடுப்பதுபோல இருந்தது. வெட்கமாக இருந்தது. பைக்குள் கையை விட்டு மச்சான் கொடுத்த கயிற்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். "மச்சான் குடுத்தாரு" என்று தமிழிலேயே சொன்னேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்த்தார். புதுக் கயிற்றுக்கும் மஞ்சளுக்கும் ஒரு வாசனை உண்டு. "ஊரில் ஒரு பசு வாங்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு ஆகும்" என்றார். பிறகு எழுந்துபோய் அவரே வயர்களை எடுத்து என் கையில் வைத்தார். அவருடைய பலகையைக் கீழே இறக்க நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன். ஓட்டலில் பை டூ காபி குடித்தோம். அவசரம் எல்லாம் எங்கே போயிற்றோ, அன்று என் பாதியை ஆறவிட்டுக் குடித்தேன்.

சாயங்காலம் வீட்டில் மானிட்டர் ஒளிர்ந்தபோது மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நாலு மணிவரை கரண்டு இல்லை. நான் செத்த மெஷினின் முன்னால் உட்கார்ந்து மவுஸை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தேன். கரண்டு வந்தபின் சாப்பாட்டுக்குக் கமலா கூப்பிடும்வரை வட்டம், வட்டத்துக்குள் வட்டம், சுற்றிலும் ஆறு ஓட்டை. பதினோராவது ஃபிளாஞ்ச் ஃபிளாஞ்ச் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போனேன். ஃபிளாஞ்சைப் போட்டுவிட்டேன். மெதுவாகத்தான். முதலாளி திரையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இனிமே இங்கயே உக்காருங்க" என்றார். பதினாறு வருஷமாக நின்று வேலை செய்தவனுக்கு அந்த நாற்காலி உறுத்தியது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

அடுத்து மணியண்ணன். அவர் மவுஸை நகர்த்தினார், அது மேஜை விளிம்புவரை போய்க் கீழே விழுந்தது. எடுத்துவைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அது சிரிப்பே இல்லை. வாரம் முழுக்க அவர் சிரித்துக்கொண்டிருந்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மூன்று முறை எல்லையைத் தாண்டியபோது ஒரு முறைகூட அவரிடம் சொல்லவில்லை. மதியம் அவர் தன் பலகையிலிருந்து ஸ்கேலைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நேரே முதலாளியிடம் போய் மணியண்ணனுக்கு இன்னொரு தவணை கேட்டேன். அவர் முகத்தைச் சுளித்தார். "ஒரு வாரம். அதுக்குமேல என்னக் கேக்காதீங்க" என்றார்.

அன்று சாயங்காலமே ஆட்டோ கூப்பிட்டேன். மச்சான் மானிட்டரை மறுபடி மஞ்சள் கயிற்றால் கட்டித் தூக்கினார், நான் பெட்டியைத் தூக்கினேன். வயர்களை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மச்சானைப் பார்த்தேன். இதற்கு ஒரு சாத்திரம் வைத்திருப்பார், மறுபடி கத்தவேண்டியிருக்கும் என்று தயாராகத்தான் இருந்தேன்.

"இன்னா அப்பிடிப் பாக்கற?" என்றார். "வித்தாத்தான் மாப்ளே கயிறு நிக்கும். பக்கத்துக் காட்டுல ஏர் ஓட்ட மாட்ட அனுப்பனா கயித்தோடதான் அனுப்பணும்."

மணியண்ணன் கதவைத் திறந்து எங்களையும் பெட்டியையும் மஞ்சள் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தோளிலிருந்த வயரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ஐந்து தலையையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். இந்தமுறை சிரிக்கவில்லை.

"இதுல எது எங்கப்பா சொருவறது?" என்று கேட்டார்.